டிரோன் பளிச்சென்று தெரியாமலிருக்க அடியில் என்ன கலர் அடிக்கலாம்?

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் ஒவ்வொரு ஜனவரியும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நாலைந்து பேர் போவோம். சரணாலயம் எதுவும் இல்லை, சாதாரண பாசனக் கண்மாய்தான். கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் கோரைக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும்தான் எண்ண முடிகிறது, அந்தப் பக்கம் எத்தனை வாத்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வருஷம் மேலே இருந்து படம் எடுத்து எண்ணலாம் என்று எஃப்450 ஃபிரேமில் நானே ஒரு டிரோன் கட்டினேன். பேட்டரியோடு 1.2 கிலோ. மோட்டாரைத் தாங்கும் நாலு கையில் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை, அப்படித்தான் வாங்கும்போதே வந்தது.

போன வாரம் 50 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தேன். நத்தைகுத்தி நாரைகள் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் புள்ளிமூக்கு வாத்துகள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. சிவப்பு கலர்தான் காரணம் என்று நினைக்கிறேன். வானத்தோடு கலக்கட்டும் என்று 280 ரூபாய் கொடுத்து வான்நீல ஸ்ப்ரே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நண்பன் ஒருவன் கறுப்பு அடி, காக்கா என்று நினைத்துக்கொள்ளும் என்கிறான். எது சரி?

பழைய ஏரோமாடலர்:
நீலத்தை மூடி வையுங்கள் தம்பி. கலரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பகலில் வெயில் உயரத்தில் இருக்கும்போது அநேகமாக எந்தப் பொருளையும் கீழே இருந்து வானத்தின் பின்னணியில் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். காரணம், வெயில் விழுவது அதன் முதுகில், நீங்கள் பார்ப்பது நிழலில் இருக்கும் வயிற்றை. அந்த வயிற்றுக்குக் கிடைக்கும் ஒளி தரையில் பட்டுத் திரும்பி மேலே வருவது மட்டும்தான், புல்தரை தன்மேல் விழும் ஒளியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், தண்ணீர் உச்சி வெயிலில் அதைவிடவும் குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் நீல பெயின்ட் ஒரு பகுதியை விழுங்கிவிடும். சுத்த வெள்ளை அடித்தால்கூட வானத்தின் பிரகாசத்தை எட்டாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எந்த கலர் வானம்போல இருக்கும் என்பதல்ல, எது அதிகமாக ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதுதான். இன்னொன்று, நம் ஊர் வானம் அடிவானத்துப் பக்கம் எப்போதுமே ஈரமும் தூசியுமாக வெளுத்துத்தான் கிடக்கும், பெயின்ட் டப்பா மூடியில் இருக்கும் அந்த நீலம் மழை பெய்து விட்ட மறுநாள் தலைக்கு நேர் மேலே வேண்டுமானால் கிடைக்கும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். நல்ல கண்ணுக்குக்கூட சுமார் 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர்தான் எல்லை, அதைவிடச் சின்னது தனியாகப் பிரிந்து தெரியாது. உங்கள் டிரோனின் கைகள் ஏறத்தாழ அந்த அகலம்தான். அதாவது 100 மீட்டர் தாண்டினால் சிவப்புக் கை வெள்ளைக் கை எல்லாம் கலைந்து நடுவில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். 60 மீட்டரில் மொத்த டிரோனும் முழு நிலாவைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவு பெரிதாகத் தெரிவதைக் கலரால் மறைக்க முடியாது, மங்கலாக்க மட்டும்தான் முடியும்.

முடிவாக: அடியில் மேட் வெள்ளை அல்லது ரொம்ப வெளிர் சாம்பல். பளபளப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், திரும்பும்போது ஒரு மின்னல் அடிக்கும், ஊரே பார்க்கும்.

உப்பளம்:
மேலே அண்ணன் சொன்னதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1940 டிசம்பரில் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் காட்ஃப்ரே பர் என்பவர் ஒரு விமானம் தரையிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பனி மூடிய நிலத்துக்கு மேல் வந்ததும் விமானம் சட்டென்று கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பனியில் பட்டுத் திரும்பிய ஒளி வயிற்றைப் பிரகாசமாக்கி வானத்துக்குச் சமமாக்கிவிட்டது, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு கனடாக் கடற்படை, கப்பல்களின் பக்கவாட்டில் விளக்கு வைத்து இரவு வானத்தோடு கலக்கவிட்டுப் பார்த்தது. பிறகு அமெரிக்கக் கடற்படை 1943 வாக்கில் 'யெஹுதி' என்ற பெயரில் விமானத்தின் முன்பக்கம் விளக்குகள் பொருத்தியது. சாதாரணமாக 12 மைலில் கண்ணில் படும் அவெஞ்சர் விமானம், விளக்கு எரியும்போது 3,000 கெஜம் நெருங்கும்வரை தெரியவில்லை. கறுப்பாகத் தெரிவதை மறைக்க விளக்கைப் போடுவது, கேட்டால் சிரிப்பு வரும்.

பிரிட்டனும் கடலில் நீர்மூழ்கி தேடும் விமானங்களுக்கு, சீகல் என்னும் கடற்காகம்போல வெள்ளை அடித்தது. அமெரிக்காவின் எஃப்-15 ஆரம்பத்தில் வெளிர் நீலத்தில் வந்து பிறகு சாம்பலுக்கு மாறியது. உங்கள் ஸ்ப்ரே டப்பாவின் கதி அங்கேயே முடிவாகிவிட்டது.

நான் இருக்கும் வேதாரண்யம் பக்கம் உப்புப் பாத்திக்கு மேல் வெள்ளை வயிறு உள்ள ஆலாக்கள் போகும்போது இதை நேரிலேயே பார்க்கலாம், உப்பிலிருந்து வெளிச்சம் ஏறி வயிறு பளிச்சென்று இருக்கும். வயல் பக்கம் திரும்பியதும் அதே பறவை மங்கிவிடும். உங்கள் கண்மாயில் அந்த வசதி இல்லை.

வாத்துக்காரன்:
இவ்வளவு நேரம் எல்லோரும் மனிதக் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். கிளம்பியது வாத்து. பறவைகளுக்கு நம்மைப்போல மூன்று வகை அல்ல, கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் நான்கு வகை, நாம் பார்க்காத புற ஊதாவும் பல பறவைகளுக்குக் கொஞ்சம் தெரியும். நமக்கு ஒரே சாம்பலாகத் தெரிகிற இரண்டு பெயின்ட் அவற்றுக்கு வேறு வேறாக இருக்கலாம்.

ஆனால் உங்களுக்கு நல்ல சேதி ஒன்று. 2015-இல் பிரான்சில் வாத்து, பூநாரை, பச்சைக்கால் உள்ளான் ஆகியவற்றை நோக்கி 204 முறை டிரோன் பறக்கவிட்டு சோதித்தார்கள். வெவ்வேறு கலர், வெவ்வேறு வேகம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். 80 சதவீதம் தடவை 4 மீட்டர் வரை நெருங்கியும் பறவைகள் பெரிதாக அசையவில்லை. கலராலோ வேகத்தாலோ அளக்கக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் காட்டியது ஒன்றே ஒன்று, வரும் கோணம். தலைக்கு நேர் மேலிருந்து செங்குத்தாக இறங்கினால் பதறின. யோசித்துப் பாருங்கள், மேலிருந்து நேராக இறங்குவது யார்? பருந்துதான். (அதற்காக 4 மீட்டர் வரை போகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அசையாமல் இருக்கும் பறவைக்கு நெஞ்சு படபடக்காது என்று அர்த்தமில்லை.)

உங்களிடம் ஒரு கேள்வி. அன்றைக்கு எங்கிருந்து கிளப்பினீர்கள்? தண்ணீரை ஒட்டிய கரையிலிருந்து என்றால் வாத்தைக் கிளப்பியது சிவப்பு இல்லை, நாலு மோட்டார் சத்தமும் பக்கத்திலிருந்து திடீரென்று ஏறிய உருவமும்தான். கூடு வைத்திருக்கும் மரங்கள் பக்கம் மட்டும் தயவுசெய்து போகவே வேண்டாம், பெரிய பறவை எழுந்த இரண்டு நிமிஷத்தில் காக்கா முட்டையைத் தூக்கிவிடும்.

சால்டரிங் செல்வி:
பெயின்ட் அடிப்பதாகவே முடிவு செய்தால் சில விஷயங்கள். சில்வர், மெட்டாலிக் எதுவும் வேண்டாம், உலோகத் தூள் ஜிபிஎஸ் ஆன்டெனாமேல் படிந்தால் சிக்னல் போய்விடும். சுழலும் புரொப்பெல்லர்களுக்கு பெயின்ட் அடிக்காதீர்கள், ஒரு பக்கம் துளி கனம் கூடினாலும் அதிர்வு வந்து வீடியோ ஜெல்லிபோல ஆடும், அப்புறம் வாத்தை எண்ண முடியாது. மோட்டார் வாய், கேமரா லென்ஸ், உயரம் அளக்கும் பாரோமீட்டரின் ஓட்டை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டு அடியுங்கள். எங்கேயாவது தெர்மோகோல் அல்லது ஃபோம் இருந்தால் கடை ஸ்ப்ரே அதைக் கரைத்தே விடும், நான் ஒரு மாடல் விமானத்தின் முழு இறக்கையை அப்படி இழந்தவள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும். கறுப்பு என்று சொன்ன நண்பரிடம் மே மாத வெயிலில் கறுப்பு மூடிக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் 1.2 கிலோ என்றால் 2021 டிரோன் விதிகளின்படி மைக்ரோ வகை, பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணின் மேலேயே பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

மொட்டைமாடி:
பறவைக்கு என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவன் இப்படித்தான் தெரியாத டிரோன் வைத்துக்கொண்டு மாடி மாடியாகச் சுற்றினான். எதற்கு மறைக்க வேண்டும்?

பழைய ஏரோமாடலர்:
நியாயமான கோபம்தான். அதோடு, மறைத்தால் முதலில் கஷ்டப்படுவது ஓட்டுகிறவர். டிரோன் கண் பார்வைக்குள்தான் பறக்க வேண்டும் என்பது விதி, முன்பக்கம் எது என்று தெரியாமல் ஸ்டிக்கைத் தள்ளினால் நேரே தண்ணீருக்குள். அதனால் மேல்பக்கம் சிவப்பு அப்படியே இருக்கட்டும், கோரைக்குள் விழுந்தால் தேடி எடுக்கவும் அதுதான் உதவும். அடிப்பக்கம் மட்டும் மாற்றுங்கள்.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. மொட்டைமாடி அண்ணா, எங்கள் கண்மாயைச் சுற்றி மாடி வீடே கிடையாது, ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் பறக்கவிடுகிறேன், பதிவு எண்ணும் இருக்கிறது.

பெயின்ட் வாங்காமல் முதலில் சார்ட் பேப்பர் வெட்டி அடியில் ஒட்டிப் பார்த்தேன். நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி. மதியம் 60 மீட்டரில் நீலத்துக்கும் கறுப்புக்கும் கீழே நின்ற தம்பியால் வித்தியாசமே சொல்ல முடியவில்லை, இரண்டும் கரும்புள்ளி. வெள்ளை கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெயில் சாய்ந்து பக்கவாட்டில் பட்டபோது அதே வெள்ளை பல்பு எரிகிற மாதிரி தெரிந்தது, அப்போது சாம்பல்தான் நன்றாக இருந்தது. காலை, மாலைதான் நாங்கள் எண்ணுவது என்பதால் வெளிர் சாம்பல் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாத்துக்காரன் அண்ணன் கேட்டது சரிதான், அன்றைக்கு மதகு மேலிருந்து கிளப்பினேன், வாத்து இருபதடியில் இருந்தது. இந்தத் தடவை 150 மீட்டர் தள்ளி வயலில் வைத்துக் கிளப்பி, அங்கேயே உயரம் ஏற்றி, நேர்கோட்டில் கொண்டுவந்து இறக்காமல் திரும்பினேன். சிவப்புக் கையோடுதான், பேப்பர்கூட ஒட்டவில்லை. ஒரு வாத்தும் எழவில்லை. கோரைக்கு அந்தப் பக்கம் 43 புள்ளிமூக்கு வாத்து, இத்தனை வருஷமாக எங்கள் கணக்கில் வராதவை.

நீல டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார், தங்கச்சி சைக்கிளுக்கு அடிக்கப் போகிறேன்.