ஃபிரெனல் விளக்கில் பத்து ஷோவுக்கு ஒரு பல்பு போகிறது: ஹோல்டரா, ஒயரா?

திரைச்சீலை:
நாடக மேடையில் தொங்கும் ஆறு ஃபிரெனல்களில் (வளையம் வளையமான லென்ஸ் வைத்த மேடை விளக்கு) இரண்டு மட்டும் பல்பைத் தின்கின்றன. 1000 வாட், 230 வோல்ட், சிபி70 வகை ஹாலஜன் பல்பு, அதன் இரண்டு பின்களைப் பிடிக்கும் ஜிஎக்ஸ்9.5 வகை ஹோல்டர். ஒன்றில் ஒரு பின் மட்டும் கருகி, நுனியில் குழி விழுந்திருக்கிறது. இன்னொன்றில் பின் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளித்து வெளுத்திருக்கிறது. கருகிய விளக்கில் ஹோல்டருக்குப் போகும் ஒயரின் உறை தொட்டாலே உதிர்கிறது. பின்னை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடலாமா?

பீங்கான்:
தேய்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

ஒரு பின் மட்டும் கருகினால் ஹோல்டரில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். பிடி தளர்ந்தால் தொடும் இடத்தில் தடை ஏறும். 1000 வாட்டுக்கு நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் அந்த ஒரு புள்ளியில் சூடு குவிந்து, பொறி பறந்து, குழி விழுகிறது. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். குழி விழுந்த பல்பைப் புது ஹோல்டரில் போட்டால் அந்த ஹோல்டர் கெடும். கெட்ட ஹோல்டரில் புது பல்பைப் போட்டால் பல்பு போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல்பு மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்கிற ஆள் கடைசியில் இரண்டு மடங்கு செலவு செய்வார்.

கொப்புளித்தது கைவிரல் வேலை. விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கெடுத்துவிடும். முதலில் வெள்ளையாகும், பிறகு அந்த இடம் வீங்கும். பல்பை அதன் உறையோடு பிடித்து மாட்டுங்கள். தப்பித் தொட்டுவிட்டால் எரிய விடுவதற்கு முன்பே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட வேண்டும்.

டிம்மர்_ராக்:
மாற்றும்போது கவனிக்க: டிம்மரில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அந்த விளக்கின் சேனலைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் மட்டும் போதாது. டிம்மர் மூடியிருந்தாலும் கொஞ்சம் கசியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்கு நன்றாக ஆறியபின் கூட்டைத் திறங்கள்.

எந்த ஒயர் எந்த முனையில் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஹோல்டரைக் கழற்றுங்கள். உதிரும் ஒயரை வெட்டி ஒட்டுப்போட வேண்டாம்; ஹோல்டரிலிருந்து விளக்கின் டெர்மினல் வரை முழுசாக மாற்றுங்கள். 1.5 சதுர மி.மீ. சூடு தாங்கும் ஒயர் போதும். சிலிக்கான் உறை 180 டிகிரி தாங்கும், அதன் மேல் கண்ணாடி இழைக் குழாயையும் மாட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி ஒயர் உள்ளே உருகிவிடும்.

ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கைச் சால்டர் செய்யக் கூடாது, இடுக்கியால் நன்றாக நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். சாதாரண 60/40 ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் தொப்பி போட்ட லக்கும் ஆகாது.

புது ஹோல்டர் ஸ்குரூவை வெறிகொண்டு முறுக்காதீர்கள், பீங்கான் விரிசல் விட்டுவிடும். முடித்ததும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் கூட்டின் வெறும் உலோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் மேல் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பிறகு 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளந்தால் 1 மெகாஓமுக்குக் கீழே வரக் கூடாது.

மிகப் பழைய விளக்கென்றால் ஒயர் மேல் வெள்ளைத் துணி மாதிரி உறை இருக்கும். அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

கட்டைவிளக்கு:
ஹோல்டரை மாற்றியும் போகிறதென்றால் வோல்டேஜைப் பாருங்கள். ஜெனரேட்டரில் 250 வந்தால் 230 வோல்ட் பல்பின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அளக்கும்போது சேனலை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு அளங்கள். டிம்மர் பாதியில் இருந்தால் அலை வெட்டுப்பட்டிருக்கும், சாதாரண மீட்டர் தப்பாகக் காட்டும். ஒரு ஃபேஸில் உள்ள விளக்குகள் மட்டும் மொத்தமாக அதிகப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, ஷோவை உடனே நிறுத்துங்கள்.

ஒளி சற்று மஞ்சளாக இருந்தால் பரவாயில்லையென்றால் டி19 வகை பல்பு போடுங்கள். அதே ஹோல்டரில் உட்காரும். சிபி70-க்கு 200 மணி சொச்சம்தான் ஆயுள், டி19-க்கு 750. எரியும்போது விளக்கைத் தட்டித் திருப்புவதையும் நிறுத்துங்கள், சூடான இழைக்கு அந்த ஒரு தட்டு போதும்.

திரைச்சீலை:
கருகின பின் உள்ள பல்பு இன்னும் எரிகிறது. ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பீங்கான்:
வேண்டாம். ஒத்திகையில் யாராவது அவசரத்துக்கு அதைக் கழற்றி நல்ல விளக்கில் மாட்டுவார்கள். உடைத்துப் போட்டுவிடுங்கள், துணியில் சுற்றி.