பழைய பள்ளிவாசலை விரிவாக்கும்போது எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) இடம் போதவில்லை. உள்பள்ளியில் கல்தூண், ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், முன்னால் ஹவுள் (ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி; ஒளு என்றால் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது). மொத்தமாக இடித்துவிட்டு கிரானைட் போட்டுக் கட்டலாம் என்கிறது ஜமாஅத்தில் ஒரு தரப்பு. "அப்புறம் அது நம்ம பள்ளியா இருக்காதுப்பா" என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்யலாம்?

தேவகோட்டை பொறியாளர்:
வ அலைக்கும் ஸலாம் பாய். கிழக்கே நீட்டுங்கள். மிஹ்ராபும் (மேற்குச் சுவரில் இமாம் நிற்கும் மாடம்) முன் ஸஃப்பும் (தொழுகை வரிசை) இருந்த இடத்திலேயே இருக்கும், கூட்டம் பின்னால் சேரும். ஸஃப்புக்கு 4 அடி, ஆளுக்கு 2 அடி. கூடம் 40 அடி அகலமென்றால் 20 அடி நீட்டினாலே 100 பேர் கூடுதலாக நிற்கலாம்.

பெரியவர்கள் சொல்வது சரிதான். நெற்றி படும் தரை, முதுகு சாயும் தூண், ஒளுவுக்கு உட்காரும் ஹவுள் திண்டு: தினமும் உடம்பு தொடுகிற இந்த மூன்றில்தான் மனசு ஒட்டிக்கிடக்கிறது. மினாராவை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ராவுத்தர் மகன்:
ஹவுளை மூடிக் குழாய் வைத்துவிடாதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஒளு செய்யும்போது முகம் பார்த்து ஸலாம் சொல்கிறோம். குழாயடியில் சுவரைத்தான் பார்க்க முடியும். சுருக்கவும் வேண்டாம். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) ஹவுள் 10 முழத்துக்கு 10 முழம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் குறைந்தால் கொஞ்சம் நஜீஸ் (அசுத்தம்) விழுந்தாலும் முழுத் தண்ணீரையும் இறைக்க வேண்டிவரும்.

பழைய வீடு பராமரிப்பவர்:
தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் நிறச் சிமெண்டை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் பூ வேலைப்பாடு அரித்துவிடும். தண்ணீரில் துடைத்தாலே போதும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பொரிந்து விழும். விரிசலைச் சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர் கலந்தே அடையுங்கள்.

தேவகோட்டை பொறியாளர்:
ஒன்று விட்டுப்போச்சு. நம் பக்கத்தில் கிப்லா (மக்காவை நோக்கித் தொழும் திசை) நேர்மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகை. பழைய கட்டடம் நேர்மேற்காக இருந்து, புதுப்பகுதியை மட்டும் திருப்பிக் கட்டினால் இரண்டும் சேருமிடத்தில் ஸஃப் முறியும். சுவரைப் பழைய வரிசையிலேயே எழுப்பி, புதுத் தரைக் கல்லை மட்டும் கிப்லாவுக்குச் சாய்த்துப் பதியுங்கள். கால் தானாகக் கல்லின் கோட்டைத்தான் பிடிக்கும். உள்பள்ளியில் பாயைச் சாய்த்து விரித்தால் போதும். கோடு போடுமுன் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முடிவுசெய்யுங்கள்.