லீவர் ஹார்ப்: ‘லீவர்’, ‘கீ’ இரண்டுக்கும் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

மேற்கத்திய யாழான ஹார்ப்பைப் புதிதாகப் பயில்வோருக்கான பாடக்குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். நரம்பின் மேல்முனையில், ஆணிக்குச் சற்றுக் கீழே உள்ள லீவரை உயர்த்தினால், அது நரம்பில் பதிந்து அதிரும் நீளத்தைக் குறைக்க, ஒலி அரைச்சுரம் ஏறுகிறது. எல்லா லீவர்களும் தாழ்ந்திருக்கையில் ஈ ஃபிளாட் மேஜர் என்னும் மேற்கத்தியச் சுர வரிசைக்குச் சுருதி கூட்டிய கருவியில், ஏ சுர நரம்புகளின் லீவர்களை எல்லா ஸ்தாயியிலும் உயர்த்தினால் பி ஃபிளாட் மேஜர் வரும். தொடர்ந்து ஈ, பி, எஃப், சி, ஜி, டி என உயர்த்திச் சென்றால் மொத்தம் 8 மேஜர் கீ (ஆதார சுரமும் அதற்கேற்ற சுர அமைப்பும்) கிடைக்கும். ‘நெம்புகோல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, “எதை நெம்ப வேண்டும்?” என்று கேட்டார். ‘கீ’ இன்னும் சிக்கல். ஆணியைத் திருகும் கருவிக்கும் அதே பெயர்.

—

ஐயா, வணக்கம்.

நெம்புகோல் வேண்டாம். பெரும்பாணாற்றுப்படை யாழைச் சொல்லுமிடத்தில் “மெலிந்து வீங்கு திவவு” என்கிறது. நெகிழ்ந்தும் இறுகியும் ஒலியை மாற்றும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? அசைதலைக் குறிக்கும் ‘திவள்’ என்னும் வினையோடும் இதை நான் இணைத்துப் பார்க்கிறேன். ஆணி திருகும் கருவிக்கு ‘மாடகம்’ இருக்கிறது. குரல் என்னும் முதற்சுரமாகக் கொள்ளும் நரம்பு பெயர்வதால் பிறக்கும் ‘பாலை’ என்னும் பழந்தமிழ்ச் சுர வரிசையின் பெயரைக் கீ என்பதற்கு ஆளலாம்.

—

ஐயா, மாடகத்தை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். மற்ற இரண்டையும் ஏற்க இயலவில்லை.

திவவு யாழின் கோட்டில், அதாவது வளைந்த தண்டில், நரம்பை வலித்துக் கட்டும் வார்க்கட்டு. அது இழுவிசையை மாற்றுவது. லீவரின் வேலை நீளத்தைக் குறைப்பது. பாலையில் நரம்புகளின் சுருதி மாறாமல் தொடங்குமிடம் மட்டும் பெயர்கிறது. லீவரிலோ நரம்பின் சுருதியே மாறுகிறது. ஏ லீவர்களை உயர்த்திய பின்னும் ஈ ஃபிளாட்டிலேயே தொடங்கி வாசித்துப் பாருங்கள், கல்யாணி ஒலிக்கும். பி ஃபிளாட்டில் தொடங்கினால்தான் சங்கராபரணம். எதையும் உயர்த்தாமல் சி நரம்பில் தொடங்கினால் நடபைரவி, அதாவது சி மைனர். லீவர்கள் நிற்கும் நிலை ஒன்று, அதில் நாம் ஆதாரமாகக் கொள்ளும் சுரம் இன்னொன்று என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே முன்னதற்குக் ‘கொண்டியமைவு’, பின்னதற்கு ‘ஆதார சுருதி’ என இரு சொற்கள் வேண்டும். லீவருக்குச் ‘சுரக்கொண்டி’ என்பேன். கதவுக் கொண்டியைத் தூக்கிப் பழகிய எவருக்கும் விளங்கும்.

—

அனைவருக்கும் நன்றி. மறுமொழி எழுதிய ஐவரில் மூவர் சுரக்கொண்டியை ஏற்றிருப்பதால் அதையே எழுதுகிறேன். முதல் முறை மட்டும் ‘லீவர் என்னும் சுரக்கொண்டி’ என்று வரும். ‘ஆதார சுருதி’யுடன் மேஜர், மைனர் இரண்டும் அப்படியே நிற்கும்.

—

ஐயா, அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் கொண்டி எதிலாவது மாட்டிக்கொள்வது. இது நரம்பைத் தொட்டு நிற்பது. என் வாக்கு இன்னும் திவவுக்கே.