டைம்லாப்ஸ்: காலக்கழிவா, காலச்சுருக்கா?

அனைவருக்கும் வணக்கம். நேரம் விட்டு நேரம் எடுத்த படங்களை வேகமாக ஓட்டி, நாள்கணக்கில் நடப்பதைச் சில நொடியில் காட்டும் நிகழ்படம்தான் டைம்லாப்ஸ். அதற்கொரு தமிழ்ச்சொல் தேடும் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> டைம்லாப்ஸ் என்பதற்குக் ‘காலக்கழிவு நிகழ்படம்’ எனப் பரிந்துரைக்கிறேன். லாப்ஸ் என்றால் கழிதல்தானே?

கழிதல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தாராவியில் நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ‘கழிவு’ என்று வாசித்ததுமே கடைசி வரிசை சிரிக்கத் தொடங்கியது. அன்று மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

ஈரப் பஞ்சில் பாசிப்பயறு வைத்து, அலமாரிக்குள் ஒரு பல்பைப் போட்டு, பழைய கைபேசியைச் சார்ஜரோடு அகராதிகளின் மேல் சாய்த்து வைத்தோம். (முதல் முறை ஜன்னலோரம் வைத்து வீணாக்கினேன், மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கியது.) பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஒரு நாளைக்கு 144, மூன்று நாளில் 432. நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 18 நொடி. பெருக்கல் பிள்ளைகள் போட்டது, வகுத்தல் மட்டும் நான்.

இலைதான் முதலில் வரும் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். வந்தது வேர். பக்கவாட்டில் நீண்ட வேர், ஏதோ நினைவுக்கு வந்தாற்போல வளைந்து கீழே இறங்கியது. பிறகு தண்டு கழுத்தைக் குனிந்தபடியே எழுந்து, மெல்ல நிமிர்ந்தது. ஓட்டி முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: “மூன்று நாளும் எங்கே போனது டீச்சர்?”

எங்கும் போகவில்லை. இங்கே பல பிள்ளைகளின் ஆச்சிமார் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். கயிற்றை இழுத்தால் அகன்ற வாய் மடிப்பு மடிப்பாகக் கூடும். மடிப்புக்குள் போன துணி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு படங்களுக்கு நடுவே போன பத்து நிமிடமும் அப்படித்தான். எனவே என் பரிந்துரை ‘காலச்சுருக்கு’.

‘காலச்சுருக்கம்’ வேண்டாம். ‘சுருக்கி வரைக’ என்று தேர்வில் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லை நாம் கெடுத்துவிட்டோம். நொடிக்கு 120 படம் எடுத்து 24 ஆக ஓட்டும் ஸ்லோ மோஷனைக் ‘காலவிரிப்பு’ என்றால் இணையும் கிடைக்கிறது. களிமண் பொம்மையை நாமே நகர்த்தி நகர்த்தி எடுப்பது வேறு வகை. அதை இதில் சேர்க்க வேண்டாம். புகைப்படமா ஒளிப்படமா என்ற சண்டையையும்தான்.

> ‘சுருக்கு’ என்றதும் தூக்குக் கயிறல்லவா நினைவுக்கு வருகிறது? குழந்தைகளுக்கு ஏற்ற சொல்லா அம்மா?

கயிறு நினைவுக்கு வந்தது உங்களுக்கும் எனக்கும்தான் ஐயா. வகுப்பில் எல்லாருக்கும் பைதான் தோன்றியது. நேற்று ஒருவன், “மாகிமில் கடல் ஏறுவதைக் காலச்சுருக்கு எடுக்கலாமா டீச்சர்?” என்று கேட்டான். நான் சொல்லிக் கொடுக்காமலே வினையோடு சேர்த்துவிட்டான். கடல் வற்றியதிலிருந்து முழுதாக ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 15 நொடிக்கு மேல் ஓடும், போதும்.

அதற்குள் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் நேரத்தை ‘இடைவெளி’ என்றால், கைபேசிக்கும் பயறுக்கும் உள்ள தூரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘மடிப்பு’ எனலாமா? பயறுக்குப் பத்து நிமிட மடிப்பு, கடலுக்கு ஒரு நிமிட மடிப்பு.