வடிகால் பணியின் கணக்கைத் தேர்தலுக்கு முன் பார்ப்பது எப்படி?

கேள்வி (கேட்பவர்: நகராட்சி வாசி)

அனைவருக்கும் வணக்கம். நான் தென் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சியில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். தெருமுனையில் நட்டிருக்கும் பலகையில் நீளம் 240 மீட்டர், மதிப்பீடு 18 லட்சம் ரூபாய் என்று எழுதியிருக்கிறது. நானும் எதிர்வீட்டு ஆசிரியை அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடா பிடித்து அளந்து பார்த்தோம். 206 மீட்டருக்கு மேல் வரவில்லை. ரேஷன் கடையோடு கான்கிரீட் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பழைய மண் வாய்க்கால்தான் ஓடுகிறது, மழை பெய்தால் அங்கிருந்துதான் சாக்கடை வீடுகளுக்குள் ஏறுகிறது.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. எங்கள் வார்டு உறுப்பினர் மறுபடியும் நிற்பார் என்கிறார்கள். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனால் இந்த 34 மீட்டருக்கு என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாக்களிக்க விரும்புகிறேன். யாரிடம், எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும்?

பதில் 1 (ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்)

ஐயா, அளந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் இருப்பது மதிப்பீட்டின் நீளம். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது பலகையைப் பார்த்து அல்ல, அளவுப் புத்தகத்தைப் பார்த்து. நாங்கள் எம்-புக் என்று சொல்லுவோம். குடிநீர்க் குழாய் குறுக்கே வந்தாலோ இடத்தகராறு இருந்தாலோ பணியைப் பாதியில் குறைத்துவிட்டு, செய்த அளவுக்கு மட்டும் பில் போட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அங்கே பண மோசடி இல்லை, பணி முடியவில்லை என்ற குறைதான் உண்டு. ஆகவே எம்-புக்கைப் பார்ப்பதற்கு முன் யார்மீதும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்தக் கன அளவு என்று வரிசையாகப் பதிந்திருப்பார்கள். உதவிப் பொறியாளர் அளந்து எழுதுவார், அவருக்கு மேலுள்ளவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். நீளத்தை உங்களைப் போல யாரும் பின்னால் அளந்துவிடலாம் என்பதால் அதில் கைவைப்பது குறைவு. மண்ணுக்குள் போய் மூடப்படும் வேலைகளில்தான் கவனம் வேண்டும்: தோண்டிய ஆழம், அடியில் போட்ட ஜல்லிக் கான்கிரீட்டின் கனம், சுவருக்குள் கட்டிய கம்பியின் எடை. 15 செ.மீ. போட வேண்டிய அடிக் கான்கிரீட்டை 10 செ.மீ.யில் நிறுத்திவிட்டால் மேலே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த ஐந்து செ.மீ. தெருவின் நீளம் முழுவதற்கும் கூடிக்கொண்டே போகும். நான் பணியில் இருந்தபோது ஒரு வடிகாலின் பக்கச் சுவர் இரண்டாம் மழைக்கே சாய்ந்தது. உடைத்துப் பார்த்தால் ஒரு சாண் இடைவெளியில் இருக்க வேண்டிய கம்பி முழ இடைவெளியில் இருந்தது. புத்தகத்தில் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது, சரிபார்த்த கையெழுத்தும் இருந்தது. அன்று முதல், கான்கிரீட் கொட்டும் நாளில் தெருவாசிகள் இருவராவது அருகில் நிற்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

ஆகவே மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக், இறுதிப் பில் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் உள்ள எண் அடுத்ததில் ஏன் மாறுகிறது என்பதற்குக் கோப்பில் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது முடியாமல் இருந்தால், விரிசல்களை ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்தாக வேண்டும்.

பதில் 2 (வழக்குரைஞர்)

மேலே ஐயா சொன்ன நான்கு ஆவணங்களையும் நகலாகக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 2(ஜே), பணியை நேரில் ஆய்வு செய்யவும், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், கட்டுமானப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. மனுவில் இதைத் தெளிவாக எழுதி, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் வரை போனால் நெடுங்காலம் ஆகும் என்பதால் தேர்தலை மனத்தில் வைத்து இப்போதே தொடங்குவது நல்லது.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உங்கள் நகராட்சிக்கு அளித்த தணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். அதில் நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளை, அதாவது செலவுகளைப் பற்றித் தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களைப் படித்தால், ஊரின் பணம் எங்கே சிக்கியிருக்கிறது என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

பதில் 3 (முன்னாள் மன்ற உறுப்பினர்)

தம்பி, நான் 2011 முதல் 2016 வரை ஒரு நகராட்சியில் உறுப்பினராக இருந்தேன். மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அஜெண்டா வீட்டுக்கு வரும். எழுபது, எண்பது பொருள்கள் இருக்கும். படித்து முடிப்பதற்குள் கூட்ட நாள் வந்துவிடும். கூட்டத்தில் எண்களை மட்டும் வாசித்து ‘ஆல் பாஸ்’ என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அவசரம் என்று முன்னரே செய்து முடித்த பணிக்குப் பின்னேற்பு கேட்டு வரும் தீர்மானங்களும் அதற்குள்தான் இருக்கும். ஒரே சாலையை மூன்று சிறு பணிகளாகக் கூறுபோட்டு வந்த ஒரு பொருளுக்கு நான் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னேன். என் கட்சிக்காரர்களே கோபித்துக்கொண்டார்கள். அது நிறைவேறிவிட்டது, ஆனாலும் என் எதிர்ப்பு தீர்மானப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. ஆகையால் உங்கள் உறுப்பினர் ஐந்தாண்டில் எத்தனை பொருள்களுக்கு எதிர்ப்போ விளக்கமோ கேட்டுப் பதிவு செய்திருக்கிறார் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பாருங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதை ஓட்டுக் கேட்டு வரும்போது தரும் நோட்டீஸைவிட அது சரியாகச் சொல்லும்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உங்களுக்கு இருக்கிறது. வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் கலந்துகொண்டார். கிராமசபையைப் போலவே அங்கே கேட்கும் கேள்வி பதிவாக வேண்டும். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்றத்தின் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் எங்கள் பதவி முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19-இல்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களே எல்லாப் பணிக்கும் ஒப்புதல் தந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று அன்றும் மக்கள் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். என்னால் ஒரு மனு எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. இந்த முறை அப்படி ஓர் இடைவெளி வரக்கூடாது என்பதே என் கவலை.

பதில் 4 (சென்னை வாசகர்)

எங்கள் தெருவில் நேர்ந்தது வடிகால் அல்ல, சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் என் வீட்டு வாசற்படி இரண்டும் சாலைக்குக் கீழே போய்விட்டன. அப்படிச் சுரண்டி எடுப்பதை மில்லிங் என்பார்கள்; அதைச் செய்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். மதிப்பீட்டில் மில்லிங்குக்குத் தனியாகத் தொகை இருந்ததா, இருந்தால் அந்த வேலை நடந்ததா என்று கேட்டுத்தான் நாங்கள் எங்கள் உறுப்பினரோடு பேசத் தொடங்கினோம். அடுத்த தெருவில் அவரே நின்று சுரண்ட வைத்தார். 2022 தேர்தலில் எங்கள் நகரில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. எங்கள் தெருவில் 40 வீட்டார் ஒன்றாகப் போய்ப் பேசியபோதுதான் அவர் காது கொடுத்தார்.

கேட்டவரின் மறுபதிவு (நகராட்சி வாசி)

எல்லோருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா தடுத்திராவிட்டால், அவசரப்பட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘34 மீட்டர் திருட்டு’ என்று எழுதியிருப்பேன். மனுவை நேற்றே அனுப்பிவிட்டேன்; ஆவணங்களோடு பணியிடத்தையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஆசிரியை அம்மா ஒரு நோட்டில் பத்து மீட்டருக்கு ஒரு வரி என்று வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். எம்-புக்கைப் பார்க்க அழைப்பு வரும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துச் செல்கிறோம். பகுதி சபாவைப் பற்றி உறுப்பினரிடம் நேரிலேயே கேட்டேன். அடுத்த மாதம் ரேஷன் கடைக்கு எதிரே கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.