கழுவியதும் மறைந்துபோகும் படலம்: அது படிக உருவற்ற கால்சியம் கார்பனேட்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

கேள்வி

வணக்கம். உயிர்க்கனிமமாக்கம் (உயிரிகள் ஓடு, எலும்பு போன்ற கனிமங்களை உருவாக்குவது) குறித்து முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். லிட்டருக்கு 10 மில்லிமோல் கால்சியம் குளோரைடு உள்ள கரைசலில் சிறிதளவு பாலிஅஸ்பார்டிக் அமிலத்தைச் சேர்த்து, அதற்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, மூடிய டெசிக்கேட்டரில் (காற்றுப் புகாத கலனில்) அம்மோனியம் கார்பனேட்டின் ஆவி அதில் மெல்லக் கலக்குமாறு விடுகிறேன். சில மணி நேரத்தில், தண்ணீரில் எண்ணெய் படர்ந்தாற்போல வண்ணம் காட்டும் மெல்லிய படலம் தகட்டின்மேல் தோன்றுகிறது. ஆனால் அதைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, இரவு முழுவதும் உலர்த்தி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சாய்சதுர முகங்கள் கொண்ட கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) படிகங்கள்தான் தெரிகின்றன. அந்தப் படலம் முதலில் படிக உருவற்றதாக, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாததாக, இருந்தது என்று எழுத எந்தச் சான்று வேண்டும்? கடல் முள்ளெலியில் நடப்பதும் இதுவே என்று சொல்லலாமா?

மறுமொழி 1

உங்கள் வேதியியலில் பிழை தெரியவில்லை. கழுவிய முறைதான் உங்களைக் கைவிட்டிருக்கிறது. படிக உருவற்ற கால்சியம் கார்பனேட் கால்சைட்டைவிட எளிதில் நீரில் கரையும். ஆகவே கழுவும் நீரில் படலம் கரைந்து, அதே இடத்தில் கால்சைட்டாக மீண்டும் படிந்துவிடுகிறது. நீரை விட்டுவிட்டு எத்தனாலால் கழுவுங்கள். உடனே வெற்றிடத்தில் உலர்த்தி, ஈரம் புகாமல் வைத்து, அன்றைக்கே அளந்துவிடுங்கள்.

அதற்கும் முன்பாக, தகடு கரைசலிலேயே இருக்கும்போது தளவிளைவு நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கி) பாருங்கள். குறுக்காக வைத்த இரு தளவிளைவாக்கிகளுக்கு இடையே படிக உருவற்ற படலம், தகட்டை எப்படிச் சுழற்றினாலும் இருண்டே இருக்கும். கால்சைட்டாக மாறிய திட்டுகள் ஒளிரும். அடுத்து அகச்சிவப்பு நிறமாலையில் 713 செ.மீ⁻¹ பட்டையைத் தேடுங்கள். கால்சைட்டில் அது கூர்மையாக நிற்கும். படிக உருவற்ற நிலையில் ஏறத்தாழ இல்லாமலே போகும், 866 அருகே அகன்ற பட்டை மட்டும் இருக்கும். மாதிரியை அழுத்தி அரைக்க வேண்டாம், அரைப்பதே படிகமாக்கக்கூடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் கூர்முனை இல்லை என்பதை மட்டும் தனிச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இவ்வளவு மெல்லிய படலத்தில் சிறிதளவு கால்சைட் இருந்தாலும் அது தப்பிவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஏனெனில் ஆய்வேடுகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அதுதான்.

கடல் முள்ளெலியின் இளம் உயிரியில், எலும்புச் சட்டகத்தின் நுண்ணிய ஊசிகள் முதலில் படிக உருவற்ற கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, பிறகு கால்சைட்டாக மாறுகின்றன என்பது 1997இல் காட்டப்பட்டது. இந்த வரிசை உங்கள் தகட்டிலும் இருக்கலாம். ஒப்புமை அந்த அளவோடு நிற்கிறது. அங்கே செல்கள் ஒன்றிணைந்து அமைத்த சவ்வறைக்குள் கனிமம் வளர்கிறது. அயனிகள் எப்போது, எவ்வளவு உள்ளே வரவேண்டும் என்பதை உயிரி தீர்மானிக்கிறது. உங்கள் ஏற்பாட்டிலோ ஆவி வரும்வரை வந்துகொண்டே இருக்கிறது, கரைசலின் காரத்தன்மையும் அம்மோனியாவால் ஏறிக்கொண்டே போகிறது. முள்ளெலியின் முதிர்ந்த முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்-கதிரில் ஒற்றைப் படிகமாகத் தெரியும் அது, உடைத்தால் கால்சைட்டுக்கே உரிய தட்டையான பிளவு காட்டாமல் கண்ணாடித் துண்டைப்போல வளைந்து உடைகிறது. உங்கள் சாய்சதுரங்களில் அந்தப் பண்பு இருக்கிறதா என்று உடைத்துப் பார்க்காமல் "முள்ளெலியைப் போல" என்று எழுத வேண்டாம்.

ஒரு யோசனை: படிக உருவற்ற நிலை சிறிய இடைவெளிகளில் நீடித்து நிற்கிறது என்பது ஆய்வகங்களில் காணப்பட்ட ஒன்று. திறந்த தகட்டுக்குப் பதிலாக நுண்துளைகள் கொண்ட சவ்வுக்குள் இதே வினையை நடத்தினால், உயிரியோடு ஒப்பிட உங்களுக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று தகட்டை வெளியே எடுக்காமலே நுண்ணோக்கியில் பார்த்தேன். படலம் முழுவதும் இருண்டிருந்தது. சற்று நேரம் கழித்து ஓர் ஓரத்தில் நகக்கண் வடிவில் ஒரு கீற்று ஒளிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்நோக்கிப் பரவியது. "முள்ளெலியைப் போல" என்ற வரியை நீக்கிவிட்டேன். நாளை எத்தனாலில் கழுவிய மாதிரியை அகச்சிவப்பில் அளந்து, 713இல் என்ன தெரிகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.