பையன் கர்நாடகா பக்கம் சாய்கிறான்: தமிழ்நாடு ரஞ்சி ரசிகன் என்ன செய்வது?

காவேரிக்கரை எழுதியது (மார்ச் 5, 2024):

மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் நம் தமிழ்நாடு, மும்பையோடு மும்பையிலேயே ஆடிய அரையிறுதி நேற்று முடிந்தது. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோல்வி, அதுவும் மூன்றே நாளில். ஏழு வருடம் கழித்து அரையிறுதி வரை வந்தோம். கோயம்புத்தூரில் நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் தோல்விக்குத் தள்ளிவிட்டு வந்தவர்கள் இப்படி விழுவார்கள் என்று யார் நினைத்தது?

நான் திருச்சிக்காரன். பதினாலு வருடமாக பெங்களூரு. பையனுக்குப் பத்து வயது. சனிக்கிழமை நம் அணி 146க்கு சுருண்டபோதே அவன் எழுந்து விளையாடப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மும்பை 106க்கு 7 விக்கெட். நம் கேப்டன் சாய் கிஷோர் பந்தைத் தொட்டாலே விக்கெட். நான் பையனை இழுத்து உட்கார வைத்து, "இன்றைக்கு ஆல் அவுட் ஆக்கட்டும், சாயங்காலம் உனக்கு ஐஸ்கிரீம்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஷர்துல் தாக்குர் வந்து 109. முதல்தர ஆட்டங்களில் அவருடைய முதல் சதமாம், அதை நம்மிடம்தான் அடிக்க வேண்டுமா? அவர் போனதும் தனுஷ் கோட்டியான் 89 நாட் அவுட். 378இல் போய் நின்றது.

நேற்று ராத்திரி பையன் கேட்டான்: "அப்பா, உங்க டீம் கடைசியா எப்ப கப் அடிச்சது?"

"1988."

"அப்ப நீங்க?"

"ரெண்டாங்கிளாஸ்."

அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் பாவமாகப் பார்த்தான், அதுதான் தாங்கவில்லை. அப்புறம் சொன்னான், "நான் கர்நாடகாவுக்கே சப்போர்ட் பண்றேன்ப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதான்."

அவன் பிறந்தது இங்கேதான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பிள்ளைகளை இந்த விஷயத்தில் வற்புறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பலித்ததா?

மஞ்சள் விசில்:

ப்ரோ, ரஞ்சியை விட்டுத்தள்ளுங்கள், சிஎஸ்கே பக்கம் கூட்டி வாருங்கள். போன வருடம்கூட கப். நாங்களும் கஷ்டம் பார்க்காதவர்கள் இல்லை. 2016, 2017 இரண்டு வருடம் அணியே கிடையாது. 2018இல் திரும்பி வந்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச், காவிரிப் போராட்டத்தால் மீதி எல்லாம் புனேவுக்குப் போய்விட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனோம். அந்த வருடமே கப்.

மல்லேஸ்வரம் தமிழ்:

நான் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன், கர்நாடகா ரசிகன். பையனை வரவேற்கிறேன் :)

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 2015 ரஞ்சி இறுதி ஆட்டம், வான்கடேயில்: நீங்கள் 134, நாங்கள் 762, கருண் நாயர் மட்டும் 328. 2019 விஜய் ஹசாரே (ஒருநாள் கோப்பை) இறுதி: தன் பிறந்தநாளில் எங்கள் அபிமன்யு மிதுன் ஹாட்ரிக். அதே 2019 சையது முஷ்டாக் அலி (டி20 கோப்பை) இறுதி: ஒரே ஒரு ரன்னில் தோற்றீர்கள். சூரத்தில் கடைசி ஓவரில் அஷ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, அது வேறு விஷயம்.

என் அப்பா சாகும்வரை தமிழ்நாடு ரசிகர். எனக்கு எட்டு வயதில் நான் கட்சி மாறியதும் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பார்ப்போம். வற்புறுத்தாதீர்கள். எதிர்க்கட்சி வீட்டிலேயே இருப்பது ஒரு சுகம், பழகிக்கொள்வீர்கள்.

காவேரிக்கரை:

2021 சையது முஷ்டாக் அலி இறுதியை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே! கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும், நம் ஷாருக் கான் (நடிகர் இல்லை, பேட்ஸ்மேன்) சிக்ஸர். டில்லியில் அடித்தார், என் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

சேப்பாக்கம்_வெயில்:

தம்பி, எனக்கு அறுபத்திரண்டு வயது. 1988இல் அந்தக் கப்பை நேரில் பார்த்தவன். சேப்பாக்கத்தில் ரயில்வேஸை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் அடித்தோம், எஸ். வாசுதேவன் கேப்டன். அதே வருடக் கடைசியில், ரஞ்சி சாம்பியன் மற்ற மாநில வீரர்கள் சேர்ந்த அணியோடு ஆடும் இரானி கோப்பையில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதம். 'இனி பம்பாய்க்காரன் நம்மைக் கண்டு பயப்படுவான், வருடா வருடம் நாம்தான்' என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்ததற்குத்தான் இத்தனை வருடமாக வட்டி கட்டுகிறேன்.

நான் நாலாவது டிவிஷன் லீக் ஆடியவன். பாய் விரித்த மேட்டிங் விக்கெட், மதியம் வரை நிழல் கிடையாது. மாநில அணியில் ஆடும் பையன்கள் பலர் அந்த லீக் படிகளில் ஏறி வந்தவர்கள்தான். சின்னப்பம்பட்டியிலிருந்து ஒரு நடராஜன் கிளம்பி இந்தியத் தொப்பி வரை போனதெல்லாம் அந்த வழியில்தான். அதனால் ஸ்கோர்கார்டில் ஒரு பெயரைப் பார்த்தால் எனக்கு வெறும் பெயராகத் தெரியாது. அவன் மேலே வர எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றும். தோற்றாலும் என்னால் திட்ட முடியாது. சரி, திட்டுவேன், ஆனால் விட முடியாது.

2012 இறுதி ஆட்டம் நம் மைதானத்திலேயே, ராஜஸ்தானோடு. ஐந்து நாளும் லீவு போட்டேன். என்னிடம் ஒரு பழக்கம், கோடு போட்ட நோட்டில் பந்துக்குப் பந்து ஸ்கோர் எழுதுவேன். அவர்களின் வினீத் சக்சேனா ஆட வந்தார். முதல் நாள் முழுக்க ஆடினார். இரண்டாம் நாள் காலையில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "சார், அதே ஆளா இன்னும்?" என்றார். மூன்றாம் நாளும் அதையே கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். 257. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி; பக்கம் பக்கமாகப் புள்ளி, புள்ளி, புள்ளி. பென்சில் மொட்டையாகிப் போய் பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கடன் வாங்கினேன். அவர்கள் 621, நாம் 295. ஆட்டம் டிரா என்றாலும் முதல் இன்னிங்ஸ் லீட் எடுத்தவனுக்குத்தானே கோப்பை? கடைசி நாள் கேலரியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள். ஆனாலும் கடைசிப் பந்து வரை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியில் நின்றுபோன நோட்டு வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அரையிறுதி டாஸ் பற்றி ஊரே பேசுகிறது, கோச்சே வெளிப்படையாகப் பேசிவிட்டார். வேகப்பந்துக்குச் சாதகமான பச்சை பிட்சில் கேப்டன் ஏன் முதலில் பேட்டிங் எடுத்தார் என்று நானும் டிவியிடம் கத்தினேன். ஆனால் இந்த சீசனில் அதே சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்திருக்கிறார். இரண்டையும் ஒரே நோட்டில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் பையன் எந்த அணி என்பது அவன் பாடு. அடுத்த சீசனில் ஏதாவது ஒரு ரஞ்சி ஆட்டத்துக்கு நேரில் கூட்டிப் போங்கள், யார் ஆடினாலும் சரி. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஃபீல்டர் மூச்சு வாங்குவது கேட்கும். ஐபிஎல் கூட்டத்தில் அது கிடைக்காது. (மஞ்சள் விசில் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.) கையில் ஒரு நோட்டும் கொடுங்கள்.

மஞ்சள் விசில்:

கோபமில்லை சார். அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவீர்களா?

சேப்பாக்கம்_வெயில்:

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் அலமாரி நனைந்து பாதி நோட்டு போய்விட்டது தம்பி. ஆனால் சக்சேனா நோட்டு மட்டும் பிழைத்துவிட்டது. அவரை அவுட் ஆக்குவது அவ்வளவு சுலபமா?

காவேரிக்கரை (மார்ச் 10):

எல்லோருக்கும் நன்றி. வற்புறுத்தவில்லை. பையன் அதிகாரபூர்வமாகக் கர்நாடகா. ஒரு கொடிகூட வரைந்து அலமாரியில் ஒட்டிவிட்டான்.

நேற்று நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சீசன் வரை யார் காத்திருப்பது? அரையிறுதியின் பந்துக்குப் பந்து விவரத்தைத் திறந்து வைத்து, ஸ்கோர் எழுதுவது எப்படி என்று காட்டினேன். ஓவருக்கு ஆறு கட்டம், விக்கெட் விழுந்தால் சின்னதாக ஒரு W. பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். மேலே தலைப்பு அவனே எழுதினான், 'அப்பா டீம்' என்று. முதல் இன்னிங்ஸ் 146 வரை வந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ரெண்டாவது இன்னிங்ஸ் 162 தானேப்பா? அதையும் எழுதணுமா?"

"எழுதணும்" என்றேன். பென்சிலைச் சீவ எழுந்து போனான்.